குருதித்தடைக் கட்டின் வரலாறு

காயம்பட்டவனுடைய கையையோ காலையோ இறுகக் கட்டிக் குருதியொழுக்கை நிறுத்துதல் மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்ட உபாயமாகும். இத்துணை எளிய செயலொன்றில் ஆராய்தற்கு யாது உளது எனச் சிலர் வினவலாம். ஆயின் மேனாட்டுச் சத்திரசிகிச்சை வரலாற்றிலே இக்கட்டைப்போல மாறி மாறிப் போற்றவும் தூற்றவும் பட்ட கருவி பிறிதொன்று காண்டல் அரிது. ஒரு போரிலே உயிர்காத்தது எனப்பட்டது மறு போரிலே உறுப்பை அழித்தது என ஒதுக்கப்பட்டது. இம்முரண்பாட்டிற்குக் காரணம் கருவியிலே உள்ளதா, அன்றி அதனைச் சூழ்ந்த நிலைமைகளிலே உள்ளதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பதினாறாம் நூற்றாண்டிலே துப்பாக்கிக் காயம் நஞ்சுடையது என்று வைத்தியர் நம்பினர். அந்நஞ்சை முறிப்பதற்குக் கொதிக்கும் எண்ணெயைக் காயத்தில் வார்த்தனர். 1537 ஆம் ஆண்டு வட இத்தாலியப் படையெடுப்பின்போது அம்புறுவாஸ் பரே என்னும் பிரான்சிய இளைஞனிடம் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. அவன் முட்டை மஞ்சட்கரு, உரோசாத் தைலம், தெர்ப்பந்தைனம் ஆகியவற்றைக் குழைத்துப் பூசி, மறுநாள் என்ன ஆகுமோ என அஞ்சி வைகறையிலே சென்று பார்த்தான். எண்ணெய் வார்க்கப்பட்டோர் காய்ச்சலாலும் வேதனையாலும் துடிக்க, குழம்பு பூசப்பட்டோர் அமைதியாக உறங்கியிருந்தனர். பின்னர் 1552 இல் தம்வில்லியே முற்றுகையிலே, உறுப்பு நீக்கியபின் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுடும் வழக்கத்தை விட்டு, நாடிகளை நூலாற் கட்டும் முறையை அவன் கைக்கொண்டான். இலத்தீன் அறியாத நாவிதச் சத்திரவைத்தியன் அவன். 1545 இல் வெளியிட்ட தன் நூலைத் தாய்மொழியிலேயே எழுதினான். பாரிஸ் நகரத்துப் பண்டிதர் அதனை இகழ்ந்தனரெனினும், படைமுகத்து வைத்தியருக்கு வேண்டிய நூல் அதுவேயாம். (இதே துறைக்கு நமது மொழியிலே ‘இரண வைத்தியம்’ என்னும் நூலை 1867 இல் வெளிவரச் செய்தவர், மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.)

நூலாற் கட்டும் முறையிலே ஓர் இடர் இருந்தது. தொடையை அறுக்குங்கால் பல நாடிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டவேண்டும். அதற்குள் குருதி வடிந்து நோயாளி இறந்துபடுவான். எனவே கட்டி முடியும்வரை குருதியைத் தற்காலிகமாக மறிக்கும் சாதனம் வேண்டப்பட்டது. 1674 இல் பெசான்சோன் முற்றுகையிலே எத்தியென் மொரெல் என்பவர் கட்டினுள் ஒரு தடியைச் செருகி முறுக்கினார். 1718 இல் சான் லூயி பெற்றி என்பார் திருகாணி பொருத்திய கருவியை அமைத்தார். வேண்டிய அளவு இறுக்கவும் தளர்த்தவும் இயன்றமையால், தடியைப் பிடித்து நிற்க உதவியாளன் ஒருவன் தேவைப்படவில்லை. சுழற்றுதல் எனப் பொருள்படும் பிரான்சிய வினையடியாகப் பிறந்த ‘தூர்னிக்கே’ என்னும் பெயரே இன்றும் அதற்கு வழங்குகின்றது.

கருவி கைக்கு வந்தபின்னும், காயம்பட்டவனிடம் அது போய்ச் சேர்வது எங்ஙனம் என்னும் வினா எஞ்சி நின்றது. அக்காலத்திலே போர் ஓய்ந்த பின்னரே காயப்பட்டோர் திரட்டப்பட்டனர். தொமினிக் லாறே என்னும் பிரான்சியச் சத்திரவைத்தியர் 1792 இல் இவ்வழக்கத்தை எதிர்த்து, குதிரை பூட்டிய இலேசான வண்டிகளைப் போர் நடக்கும்போதே களத்துட் செலுத்தும் திட்டத்தை வகுத்தார். பதவியையோ நாட்டையோ நோக்காது காயத்தின் கொடுமையை மாத்திரம் நோக்கி முந்துவோரையும் பிந்துவோரையும் வரிசைப்படுத்தினார். இன்று உலகெங்கும் விபத்துப் பிரிவுகளிலே நிகழும் தரம்பிரித்தலுக்கு அடிப்படை இதுவேயாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, 1862 ஏப்பிரில் 6 ஆம் நாள், சைலோக் களத்தில் தென்மாநிலப் படைத்தலைவர் அல்பேட் சிட்னி யோன்ஸ்ரனுடைய முழங்காலின் பின்புற நாடியை ஒரு குண்டு கிழித்தது. அதற்குச் சிறிது முன்னர்த்தான் அவர் தம்முடன் இருந்த வைத்தியரை, பகைவர் படையினர் உட்படக் காயமுற்றோரைக் கவனிக்குமாறு அனுப்பியிருந்தார். குதிரையிலிருந்து இறக்கியவர்கள் அவர் உடலிலே காயத்தைத் தேடினர். குருதியோ நெடிய காலணியினுள் நிறைந்துகொண்டிருந்தது. அவர் இறந்தார். அவருடைய சட்டைப்பையிலே ஒரு குருதித்தடைக் கட்டு இருந்தது. கருவி இருந்தும், அதனைப் பயன்படுத்த அறிந்த கை இல்லாது போயிற்று.

1873 இல் யேர்மனியரான எஸ்மார்க் இறப்பர்ப் பட்டியாற் குருதியை வெளியேற்றி உறுப்பை வெறுமையாக்கிச் சத்திரஞ் செய்யும் முறையை வெளியிட்டார். சத்திரக் கூடத்தினுள் இக்கட்டினைப்பற்றி அதன்பின் பெரிதும் பூசலில்லை. பூசல் எழுந்தது போர்க்களத்திலேயாம்.

முதலாம் உலகப் போரிலே மேற்கு முனையின் சேற்றில் காயமுற்றவன் வைத்தியசாலையை அடையப் பல மணித்தியாலங்கள், சிலவேளை ஒரு நாளும் மேலும், சென்றன. குருதியோட்டம் இன்றி இரண்டு மணித்தியாலம் வரை தசை தாங்கும். ஆறு மணித்தியாலத்தின் மேல் உறுப்பைக் காப்பது மிக அரிது. இறப்பர்ப் பட்டியோடு வந்தவர்களின் கால்கள் கறுத்து அழுகியிருப்பதைக் கண்ட வைத்தியர், அக்கட்டைக் கடுமையாகக் கண்டித்தனர். அவர்கள் கண்டது பொய்யன்று. எனினும் அவர்கள் முன் வந்தோர் உயிரோடு வந்தோர் மாத்திரமே. கட்டப்படாமையாற் பதுங்குகுழியிலேயே குருதி வடிந்து மாண்டோர் எந்த வைத்தியசாலைக்கும் வரவில்லை. ஆதலின் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. உயிர் தப்பினோரை மட்டும் எண்ணிச் செய்த தீர்ப்பு இது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இத்தீர்ப்பே பாடநூல்களிலும் முதலுதவி வகுப்புக்களிலும் செல்வாக்குப் பெற்று, ‘கடைசி உபாயம்’ என்று கட்டினை ஒதுக்கிற்று. இதன் விலை சிறிதன்று. வியற்னாம் போரிலே கைகால் காயங்களின் குருதியொழுக்கால் மாத்திரம் 2,500 இற்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்தனர் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

1996 இல் அமெரிக்கப் படைவைத்தியர் சிலர், களத்துச் சிகிச்சைக்கும் நகர வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இப்பழைய தீர்ப்பை மறுத்தது. 2005 இல் ஒரு கையாலேயே இறுக்கத்தக்க கட்டு அப்படையினருக்கு வழங்கப்படலாயிற்று. 2006 இல் பக்தாத்திலுள்ள படை வைத்தியசாலையிலே கட்டிடப்பட்ட 232 பேரைப்பற்றிய ஆய்வு, அதிர்ச்சிநிலை தோன்றுமுன் கட்டப்பட்டோருள் 100 இற்கு 90 பேரும், தோன்றியபின் கட்டப்பட்டோருள் 100 இற்கு 10 பேருமே பிழைத்தனர் என்று காட்டிற்று. கட்டினால் மாத்திரம் உறுப்பிழந்தவர் ஒருவருமிலர். கட்டு மாறவில்லை, மொரெலின் தடியே புது உருவில் அங்கே சுழன்றது. மாறியது தூரம். ஹெலிகொப்ரர் காயப்பட்டவனை விரைந்து சத்திரக் கூடத்திற் சேர்த்தது. 2009 இல் ஆப்கானித்தானத்திலே இதற்கு அறுபது நிமிட எல்லையும் விதிக்கப்பட்டது.

2001 முதல் 2011 வரை நேர்ந்த 4,596 களமரணங்களை ஆராய்ந்து 2012 இல் வெளியான அறிக்கை, பிழைக்க வைத்திருக்கக்கூடியோர் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் என்றும், அவருள் 100 இற்கு 90 பேருக்கு மேல் குருதியொழுக்காலேயே மாண்டனர் என்றும் கூறிற்று. ஆயின் பெரும்பாலோருடைய காயம் மார்பிலும் வயிற்றிலும் இருந்தது. அங்கே கட்டுப்போட இடமில்லை. அவர்களைக் காப்பதற்கு இரண்டு வழிகள் ஆராயப்பட்டன. ஒன்று, உப்புநீரை நாளத்தில் மிகுதியாக ஏற்றும் வழக்கத்தைக் குறைத்துக் குருதியையே ஏற்றுதல். 1917 இல் படைவைத்தியர் ஒசுவால்ட் றொபேட்சன் பிரான்சிலே குருதிச் சேமிப்பை நடத்திக் காட்டிய வழி இது. மற்றையது, யப்பானிய ஒக்காமோற்றோ தம்பதியர் 1962 இல் அறிவித்த திறனெக்சாமிக் அமிலம். 40 நாடுகளில் இருபதினாயிரம் நோயாளரிடத்து நடந்து 2010 இல் வெளியான பரிசோதனையிலே, இம்மலிவான மருந்து மரணத்தை 100 இற்கு 16 இலிருந்து 14.5 ஆகக் குறைத்தது. ஆனால் மூன்று மணித்தியாலம் கடந்து கொடுப்பின் நன்மையில்லை, தீமையும் நேரலாம் எனத் தெரிந்தது. இங்கும் காலமே நீதிபதி.

2013 ஏப்பிரில் 15 ஆம் நாள் பொஸ்ரன் நகரத்து ஓட்டப்போட்டியில் குண்டு வெடித்தபோது அங்கு இடப்பட்ட கட்டுக்கள் யாவும் கைக்குக் கிடைத்த பொருள்களால் ஆனவை. 2015 முதல் பொதுமக்களுக்கும் மாணவருக்கும் இக்கட்டுப் போடக் கற்பிக்கும் இயக்கம் அமெரிக்காவிலே தொடங்கியது.

வழக்கு அத்துடன் முடிந்ததெனப் பலர் எண்ணினர். 2022 முதல் உக்கிரேன் போரிலே பழைய நிலைமை மீண்டது. ஆளில்லா விமானங்கள் வானைக் காத்தலால் ஹெலிகொப்ரர் வர இயலாது. வண்டிகளும் இரவை எதிர்நோக்கின. கட்டிட்டபடியே பல மணித்தியாலம் கிடந்தோர் கால்களை இழந்தனர். இறந்த தசையின் கழிவு சேர்ந்து சிறுநீரகம் பழுதுற்றோரும் உளர். தேவையில்லாத சிறு காயங்களுக்கும் கட்டு இடப்பட்டமை பின்னர் அறியப்பட்டது. எனினும் 1916 இற் செய்ததுபோலக் கருவியை இகழ்வார் இம்முறை மிகச் சிலரே. இரண்டு மணித்தியாலத்துள் கட்டினை மீண்டும் ஆராய்ந்து, இயலுமிடத்து அழுத்துகட்டாக மாற்றுதலைச் சாதாரணப் படையினருக்கும் கற்பிக்கலாயினர். இன்று வழங்கும் கட்டிலே, இறுக்கிய மணியை எழுதுவதற்கென ஒரு சிறு பட்டி தைக்கப்பட்டுள்ளது. உக்கிரேன் வைத்தியசாலைகளுக்கு வந்த கட்டுக்கள் பலவற்றில் அப்பட்டி எழுதப்படாமலே இருந்தது.