கார்சன் நகரின் 14ஆம் சுற்று: நிலைமாற்றத்தின் வம்சாவளி குறித்து ஒரு மறுப்பு

1897 மார்ச் 17 அன்று நெவாடாவின் கார்சன் நகரில், ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஜேம்ஸ் கார்பெட்டை பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் 14ஆம் சுற்றில் வீழ்த்தினார். ஆர்த்தடாக்ஸ் நிலைக்கும் (இடது கால் முன்னே) சவுத்பா நிலைக்கும் (வலது கால் முன்னே) மாறிமாறி ஆடும் உத்தியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்தச் சுற்றையே தொடக்கமாகக் கொள்கின்றனர். அங்கிருந்து ஸ்டான்லி கெச்சல், மார்வின் ஹாக்லர் வழியாக அண்மைக்கால டெரன்ஸ் கிராஃபோர்டு வரை ஒரே கோடு இழுத்துவிடுவார்கள். வசதியான கோடுதான். ஆனால் அது நடுவில் அறுந்து கிடக்கிறது என்பது என் வாதம்.

இந்த வாசிப்பு முழுதும் நிற்பது 14ஆம் சுற்றின் ஒரு கணத்தின்மீது. ஆர்த்தடாக்ஸ் நிலையில், இடது கால் முன்னே இருக்க நின்ற ஃபிட்ஸ்சிம்மன்ஸ், வலது கையைத் தலைக்கு ஓங்கினார். அந்த வீச்சோடு வலது காலும் முன்னே வந்து ஊன்றியது. நிலை புரண்டுவிட்டது: அதுவரை முன்கையாக இருந்து குறுகிய தொலைவே பயணிக்கக்கூடிய இடது கை, இப்போது இடுப்பின் முழுச் சுழற்சியும் பின்னால் சேர்ந்த பின்கை. அது மேல்வயிற்றுக் குழியில் இறங்கியது. கார்பெட் மயங்கவில்லை. நினைவோடு, எழ முடியாமல், கயிற்றை நோக்கித் தவழ்ந்தார். மறுநாள் முதல் உலகம் பேசியதெல்லாம் குத்து விழுந்த இடத்தைப் பற்றித்தான். உண்மையான செய்தி காலில் இருந்தது என்று வம்சாவளிக்காரர்கள் சொல்வது சரி. இதுவரை அவர்களோடு எனக்கு உடன்பாடே.

ஆனால் அந்த வலது கை வீச்சு என்ன? எதிராளியின் கையை உயர்த்தவைக்கும் ஏமாற்றா, அல்லது குறி தவறிய உண்மையான குத்தா? ஏமாற்று எனில் கால் மாறியது திட்டம். தவறிய குத்து எனில், உடல் தன் வேகத்திலேயே முன்னே சரிந்தது. பழகிய வீரர் அந்தச் சரிவைப் பயன்படுத்திக்கொண்டார். விவரிப்புகள் இதில் ஒன்றுபடவில்லை. ஈனாக் ரெக்டர் தன் வெரிஸ்கோப் கருவியால் இந்தச் சண்டையை முழுவதுமாகப் படம் பிடித்தார். நூறு நிமிடத்துக்கு மேல் ஓடிய அப்படத்தில் இன்று எஞ்சியிருப்பவை துண்டுகள்தாம். முழுப்படமே கிடைத்தாலும் வீரரின் எண்ணத்தை அது காட்டிவிடாது. எனினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: எப்படிப் பார்த்தாலும் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் சவுத்பா நிலைக்குள் குடியேறவில்லை, அதன் வழியாகக் கடந்து போனார். ஒரே குத்துக்காக எடுத்த அடி அது. கெச்சலின் புகழ்பெற்ற கால்மாற்றமும் இவ்வகைதான். பின்கை முன்கையாகி அடுத்தடுத்துக் குத்துகள் விழும், ஆனால் அவர் சவுத்பாவாக நின்று ஒரு சுற்றை ஆடியதில்லை.

ஹாக்லர் செய்தது வேறு. 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ். வழக்கமாக சவுத்பாவாக ஆடும் ஹாக்லர், சுகர் ரே லெனார்டுக்கு எதிரான தொடக்கச் சுற்றுகளை ஆர்த்தடாக்ஸில் ஆடினார். இது குத்துக்குள் நிகழ்ந்த மாற்றமன்று. மணி அடிக்கும் முன்பே எடுத்த முடிவு. விலையும் பெரிது. மூன்று நடுவர்களில் ஒருவர் 115-113 என ஹாக்லருக்கும், ஒருவர் அதே கணக்கில் லெனார்டுக்கும், மூன்றாமவர் 118-110 என லெனார்டுக்கும் கொடுத்தனர். இரண்டாவது அட்டையில் ஒரே ஒரு சுற்று இடம் மாறியிருந்தால் 114-114. சண்டை சமன், பட்டம் ஹாக்லரிடமே. கிராஃபோர்டு இதே முறையை வெற்றியாக்கியது 2014 ஜூன் 28 அன்று ஒமாஹாவில். எதிராளி காம்போவாவிடம் முதல் சுற்றுகளில் திணறியவர் சவுத்பாவுக்கு மாறி, அங்கேயே தங்கி, 9ஆம் சுற்றில் சண்டையை முடித்தார்.

கடந்து போவதிலிருந்து குடியேறுவது தானாக வளர்ந்துவிடாது என்பதுதான் என் நிலைப்பாடு. குடியேற வேண்டுமானால் ஒரே உடலில் இரண்டு முழுமையான நிலைகள் வேண்டும்: இரண்டு ஜாப் (முன்கை நேர்க்குத்து), இரண்டு தற்காப்பு, முன்கால்கள் எதிரெதிரே மோதும்போது எதிராளியின் காலுக்கு வெளியே ஊன்றும் பழக்கம். இதைச் சண்டை மேடையில் கற்க முடியாது. பயிற்சிக்கூடத்தில்தான் கற்க முடியும். பயிற்சிக்கூடமோ நெடுங்காலம் சவுத்பாவுக்குப் பகை. பயிற்சியாளர்கள் இடதுகைச் சிறுவர்களை ஆர்த்தடாக்ஸில் திருப்பி நிறுத்தினார்கள். இடதுகைக்காரரான ஆஸ்கர் டி லா ஹோயா ஆர்த்தடாக்ஸில் பட்டங்கள் வென்றது அந்தப் பழக்கத்தின் பிந்திய தடயம். இங்கே சான்று மெலிவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பயிற்சிமுறையைக் கணக்கில் எடுக்காத எந்த விளக்கமும் ஹாக்லரை அடைய முடியாது என்றே கருதுகிறேன்.

சவுத்பா முன்பு இல்லாமல் இல்லை. வெறுங்கைச் சண்டைக் காலத்திலேயே நாட்டிங்ஹாமின் பெண்டிகோ அந்த நிலையில் நின்று பென் கான்ட்டோடு 1845இல் 93 சுற்றுகள் ஆடினார். கையுறைக் காலத்தில் அல் மெக்காய் 1914இலும், டைகர் ஃபிளவர்ஸ் 1926இலும் மிடில்வெயிட் பட்டம் வென்றனர். இவர்கள் சவுத்பாக்கள், மாறுவோர் அல்லர். ஆயினும் இத்தகையவர்கள் பெருகப் பெருக, எதிர் நிலையில் நிற்கும் பயிற்சித் துணைகளும் கூடங்களில் கிடைக்கத் தொடங்கியிருப்பார்கள். குடியேறும் உத்தி எந்த ஆண்டில் பிறந்தது என்று குறிப்பதை இப்போதைக்குத் தவிர்க்கிறேன்; மெக்காயின் பட்டத்துக்கும் 1980 செப்டம்பரில் வெம்பிளியில் ஹாக்லர் வென்ற பட்டத்துக்கும் இடையில் என்பதற்கு மேல் அதைக் குறுக்கச் சான்று இடம் தரவில்லை.