அரசரின் வேட்டைக்காடு: ஜூலு நிலத்தின் விலங்குகளும் மனிதர்களும்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள குவாஜூலு-நட்டால் மாகாணத்துக்குப் பயணம் திட்டமிடுவோருக்குச் சுற்றுலா நிறுவனங்கள் தரும் நிரலில், திறந்த வண்டியில் காண்டாமிருகமும் யானையும் காணும் ‘சஃபாரி’ எனப்படும் வனவுலா ஒரு நாளிலும், மாதிரிக் கிராமம் ஒன்றில் ஜூலு நடனமும் விருந்தும் மறுநாளிலும் எனத் தனித்தனியே குறிக்கப்பட்டிருப்பது வழக்கம். காட்டைப் பார்ப்பது வேறு, மக்களைப் பார்ப்பது வேறு என்னும் இந்தப் பிரிப்பு அந்நிலத்தின் வரலாற்றுக்கு முற்றிலும் ஒவ்வாதது. ஏனெனில் இன்று காப்பகமாக நிற்கும் காடு ஒரு காலத்தில் ஜூலு அரசர்களின் வேட்டைநிலமாக இருந்தது. பின்னர் அதே காடு ஜூலு மக்களிடமிருந்து பறிக்கப்பட்டதும், அங்கிருந்த விலங்குகள் அரசாங்கத்தாலேயே கொன்று குவிக்கப்பட்டதும், இறுதியில் அவற்றுள் ஓரினம் ஜூலு வழிகாட்டிகளின் துணையோடு மீட்கப்பட்டதும் ஒரே கதையின் பகுதிகள்.

ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி என இன்று அழைக்கப்படும் காப்பகம் ஏறத்தாழ 960 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் தென்பகுதியில் கறுப்பு இம்ஃபொலோசி, வெள்ளை இம்ஃபொலோசி என்னும் இரு ஆறுகள் கூடுகின்றன. 1816 முதல் 1828 வரை ஆண்ட ஷாக்கா, இந்தக் கூடுதுறைக்கு அருகில் பெருவேட்டை நடத்தினார் என்பது அங்கு வழங்கும் மரபு. ஒத்த வயதுடைய இளைஞர்களை ஒரே அணியாகச் சேர்த்து அமைத்த ‘அமபுத்தோ’ என்னும் படையணிகளே வேட்டைக்கும் திரட்டப்பட்டன. இருபுறமும் முள்வேலி இட்டு, வேலிகள் குறுகிச் சேரும் இடத்தில் ஆழக் குழிகள் தோண்டி, அகன்ற வளைவாக நின்ற வீரர்கள் கூச்சலிட்டு விலங்குகளை அந்தக் குழிகளை நோக்கி விரட்டினர். அக்குழிகளின் தடங்கள் எனச் சில பள்ளங்கள் இன்றும் வழிகாட்டிகளால் காட்டப்படுகின்றன. வேட்டை என்பது இறைச்சிக்காக மட்டும் நடந்ததன்று. யானைத் தந்தம் அரசருக்கு உரியது. சிறுத்தைத் தோலும் நீலக் கொக்கின் இறகும் அரசகுலத்தின், உயர்பதவியின் அடையாளங்கள். எதை யார் கொல்லலாம், எதை யார் அணியலாம் என்பதை வகுத்த இந்த ஒழுங்கு, ஐரோப்பியர் கொண்டுவந்த வேட்டைச் சட்டங்களுக்கு முன்பே அந்நிலத்தில் இருந்தது என்பதைக் காப்பகங்களின் வரலாற்றை எழுதியவர்கள் பலர் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை.

1824-இல் ஆங்கிலேய வணிகர்கள் இன்றைய டர்பன் நகரம் உள்ள துறைமுகத்தில் குடியேறியபோது அவர்களை அங்கே ஈர்த்தது தந்தமே. அரசரின் ஒப்புதல் இன்றித் தந்தம் கிடைக்காது என்பதால் ஷாக்காவையும் அவருக்குப் பின் வந்தவர்களையும் அண்டியே வணிகம் நடந்தது. 1840 முதல் 1872 வரை ஆண்ட ம்பாண்டேயின் காலத்தில் வெள்ளை வேட்டைக்காரர்கள் பெருகினர். துப்பாக்கிகளைப் பரிசாகத் தந்து அனுமதி பெற்று, பருவம் முழுவதும் வண்டி வண்டியாகத் தந்தமும் தோலும் ஏற்றிச் சென்றனர். ஜூலு ஆடவரும் சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களாக அமர்த்தப்பட்டனர். பின்னர் அரசரான செட்ஷ்வாயோவின் நண்பராகித் தலைவர் பதவியே பெற்ற ஜான் டன் என்னும் வெள்ளையர் இந்த வணிகத்தில் வளர்ந்தவர். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஜூலு நிலத்தில் யானை ஏறத்தாழ அற்றுப்போயிற்று. ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதிலும் மேய்ந்து திரிந்த தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் இம்ஃபொலோசி ஆற்றங்கரைகளில் மட்டும் சிறு எண்ணிக்கையில் எஞ்சியது.

இதற்கிடையே நாடே கைமாறியிருந்தது. 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்லுவானாவில் பிரிட்டிஷ் படையை முறியடித்த ஜூலுக்கள், அதே ஆண்டு ஜூலை 4 அன்று தலைநகரான ஒண்டினிக்கு அருகில் தோற்றனர். தலைநகர் எரிக்கப்பட்டது, அரசர் செட்ஷ்வாயோ சிறைபிடிக்கப்பட்டார். 1887-இல் ஜூலு நிலம் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இணைக்கப்பட்டு, 1897-இல் நட்டால் குடியேற்றத்தோடு சேர்க்கப்பட்டது. இந்த இரு ஆண்டுகளுக்கும் இடையில், 1895-இல், ஹ்லுஹ்லுவேயும் இம்ஃபொலோசியும் காப்பு நிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களுள் இவை அடங்கும் எனப் பெருமையோடு சொல்லப்படும் இந்த நிகழ்வு, தோற்கடிக்கப்பட்ட மக்களின் நிலத்தில் அவர்களைக் கேளாமல் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படையணிகளின் கூட்டு வேட்டை நின்றது. தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் வேட்டையாடியவர்கள் சட்டத்தின் பார்வையில் திருட்டு வேட்டைக்காரர்கள் ஆயினர். அடுத்த இரண்டாண்டுகளில் பரவிய வெக்கை நோய் ஜூலுக்களின் செல்வமாகிய மாடுகளில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றது.

காப்பகம் என்ற பெயர் விலங்குகளைக் காத்துவிடவில்லை. ‘நாகானா’ என ஜூலுக்கள் அழைத்த கால்நடை நோய், மாடுகளை மெலியவைத்துக் கொல்வது. 1894-இல் ஜூலு நிலத்தின் வடக்கே உள்ள உபொம்போ என்னும் மலையூருக்கு அனுப்பப்பட்ட படை மருத்துவர் டேவிட் புரூஸ், தம் மனைவி மேரியின் உதவியோடு அங்கேயே ஆய்வுக்கூடம் அமைத்து, நோயுற்ற மாட்டின் இரத்தத்தில் நெளியும் நுண்ணுயிரியைக் கண்டறிந்து, அதை ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வது செட்சி ஈ என்று நிறுவினார். காட்டு விலங்குகளின் உடலில் அந்நுண்ணுயிரி தீங்கு செய்யாமல் தங்கியிருக்கிறது என்பதும் தெரியவந்தது. பெரும் அறிவியல் சாதனையான இக்கண்டுபிடிப்பே விலங்குகளுக்கு எமனாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் இம்ஃபொலோசியைச் சுற்றிப் பண்ணைகள் பெற்ற வெள்ளையர்கள், தங்கள் மாடுகள் சாவதற்குக் காப்பகமே காரணம் என்று முறையிட்டனர். அரசாங்கம் இசைந்தது. 1929-க்கும் 1930-க்கும் இடையில் மட்டும் இம்ஃபொலோசிப் பகுதியில் 26,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 1940-களில் இக்கொலை மீண்டும், இன்னும் பெரிய அளவில் நடந்தது. வரிக்குதிரை, காட்டுமான், காட்டுப்பன்றி என எதுவும் தப்பவில்லை. காண்டாமிருகத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

சுடுவதற்கு மாற்றாக ஹாரிஸ் என்னும் பூச்சியியலாளர் வகுத்த பொறி தனித்து நோக்கத்தக்கது. பசித்த செட்சி ஈ, நிற்கும் விலங்கின் நிழல் படிந்த அடிவயிற்றைத் தேடியே வருகிறது என்பதைக் கூர்ந்து கவனித்த அவர், மரச்சட்டத்தில் சாக்குத்துணியை இழுத்துக் கட்டி, மாட்டு வயிறு போலக் கீழே குறுகும்படி அமைத்து, தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டார். அடிப்புறத்தில் ஒரு நீண்ட பிளவு இருக்கும். இருண்ட வயிற்றை நோக்கி வந்த ஈ அதனுள் நுழைந்து, பின் மேலே தெரியும் வெளிச்சத்தை நாடிப் பறந்து, உச்சியில் வைத்த வலைக்கூண்டில் சிக்கி மடியும். 1930-களில் நூற்றுக்கணக்கான பொறிகள் காடெங்கும் தொங்கின. ஈக்கள் பெருமளவில் குறைந்தன. ஆனால் அடியோடு ஒழியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வானூர்தியிலிருந்து டி.டி.டி. மருந்து தெளித்த பிறகே, 1950-களின் தொடக்கத்தில், அவ்வட்டாரத்தில் செட்சி ஈ இல்லாமற்போயிற்று. பழைய ஜூலு ஆட்சியில் மக்கள் குடியிருந்தும் புதரை எரித்தும் வேட்டையாடியும் ஈயின் எல்லையைச் சுருக்கி வைத்திருந்தனர் என்றும், அந்த வாழ்முறை குலைந்தபோதே ஈ மீண்டும் பரவியது என்றும் ஜான் ஃபோர்டு என்னும் ஆய்வாளர் 1971-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். மேலே சொன்ன வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போது இவ்வாதம் வலுவுடையதாகவே தோன்றுகிறது.

1952-இல் நட்டால் பூங்கா வாரியத்தில் சேர்ந்த இயன் பிளேயர், மறு ஆண்டு சிறு வானூர்தியில் பறந்து எண்ணியபோது கண்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் 437. ஓரினம் முழுவதும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு கொள்ளைநோய் போதும் அதை அழிக்க. ஆகவே அவற்றைப் பிடித்து வேறு காப்பகங்களுக்கும் வெளிநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளுக்கும் அனுப்பும் ‘காண்டாமிருக நடவடிக்கை’ 1960-களின் தொடக்கத்தில் தொடங்கியது. மயக்க மருந்தின் அளவு சரியாகத் தெரியாத தொடக்க நாட்களில் குதிரைமேல் துரத்திச் சென்று ஊசித்தோட்டா சுட்டவர்களும், மயங்கிய விலங்கு ஆற்றில் இறங்கிவிடாமல் தடுத்தவர்களும், மூச்சுத் திணறாமல் அதைப் புரட்டிப்போட்டவர்களும் பட்ட பாடு சிறிதன்று. எம்-99 என்னும் மருந்து வந்தபின் பணி எளிதாயிற்று. இன்று உலகில் எங்கே தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் நின்றாலும் அதன் மூதாதை இம்ஃபொலோசியைச் சேர்ந்தது.

இந்தப் பணியில் பிளேயரோடு இணைபிரியாமல் நின்றவர் மக்குபு ந்தொம்பெலா. சிறுவயதிலேயே காப்பகப் பணிக்கு வந்த அவர் எழுதப் படிக்கக் கற்றவரல்லர். ஆனால் தடம், பறவையொலி, மூலிகை, குலவரலாறு ஆகியவற்றைப் பிளேயருக்குக் கற்பித்த ஆசிரியர் அவரே என்பதைப் பிளேயர் தாமே வாழ்நாள் முழுவதும் எழுதியும் பேசியும் வந்தார். 1950-களின் இறுதியில் இம்ஃபொலோசியின் தென்பகுதி, சாலையும் கட்டடமும் வண்டியும் புகாத ‘அடர்வனம்’ என ஒதுக்கப்பட்டது. அங்கே பயணிகளைக் கால்நடையாக அழைத்துச் செல்லும் வனநடை தொடங்கியது. அம்முறை இன்றும் தொடர்கிறது. சிறு குழுவாகச் செல்லும் பயணிகள், துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியின் பின்னே ஒற்றை வரிசையில் பேசாமல் நடந்து, இரவில் வெட்டவெளியில் படுத்து, முறைவைத்து ஒவ்வொருவராக நெருப்பின் அருகே காவல் இருக்க வேண்டும். அரசரின் வேட்டைநிலத்தை அந்நிலத்தின் மக்களில் ஒருவர் காலடி எடுத்துவைக்கும் வழியிலேயே பின்தொடர்ந்து அறியும் இந்நடையில், விலங்கும் பண்பாடும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே வருகின்றன.

பண்பாட்டுக் கிராமங்களின் தோற்றம் இதற்கு மாறானது. எஷோவே ஊருக்கு அருகில் உள்ள ஷாக்காலாந்து, 1986-இல் ஒளிபரப்பான ‘ஷாக்கா ஜூலு’ தொலைக்காட்சித் தொடருக்காக எழுப்பிய படப்பிடிப்புத் தளம். தொடர் முடிந்தபின் விடுதியாகவும் காட்சியிடமாகவும் மாறியது. இனஒதுக்கல் அரசு ஜூலுக்களைக் ‘குவாஜூலு’ என்னும் துண்டு நிலங்களுக்குள் அடைத்திருந்த காலத்தில், போர்க்கோலத்தில் நிற்கும் ஜூலு வீரனின் உருவம் உலகுக்கு விற்கப்பட்டது என்பது வருத்தத்துக்குரியது. ஆயினும் இத்தகைய கிராமங்களில் காட்டப்படுவன அனைத்தையும் போலி என்று தள்ளுவதும் தவறு. வட்டமாக அமைந்த குடியிருப்பின் நடுவே மாட்டுப்பட்டி, வளைந்த கழிகளால் எழுப்பிப் புல் வேய்ந்த குவிகுடில், முன்னோருக்கு உரியதாகக் கருதப்படும் குடிலின் பின்புற மேடை, புகையில் கறுக்கச் சுட்ட மண்கலத்தில் வார்த்த சோள மதுவை விருந்தோம்புவோர் முதலில் தாம் பருகிக் காட்டிய பின்னரே விருந்தினருக்குத் தரும் முறை ஆகிய யாவும் உண்மையான வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை.

ஷாக்கா கொல்லப்பட்ட இடமான குவாடுகூசா நகரில் 1932-இல் எழுப்பிய நினைவுக்கல் உள்ளது. கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த அந்நகரில் 1860 முதல் நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்கள், தமிழர் உட்பட, பெருந்தொகையினராக வாழ்கின்றனர். டர்பனிலிருந்து வடக்கே செல்லும் தமிழ்ப் பயணி இங்கே இறங்காமல் போவது நேர்மையாகாது.

காப்பகத்தின் இன்றைய நிலை கவலைக்குரியது. 2023-இல் தென்னாப்பிரிக்காவில் கொம்புக்காகக் கொல்லப்பட்ட 499 காண்டாமிருகங்களுள் 307 இந்த ஒரு காப்பகத்தில் வீழ்ந்தன. அடுத்த ஆண்டு அங்குள்ள காண்டாமிருகங்களின் கொம்புகளை அறுத்துவிடும் பணி தொடங்கப்பட்டது. ஆகவே கொம்பில்லாத காண்டாமிருகத்தைக் காணும் பயணி ஏமாற்றம் கொள்ள வேண்டியதில்லை. அது உயிரோடு இருப்பதற்கான விலை அதுவே.

பயணம் திட்டமிடுவோர் புல் வாடி விலங்குகள் நீர்நிலைகளுக்கு வரும் மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களைத் தேர்ந்து, வண்டிச் சவாரியைக் குறைத்துக்கொண்டு, உடல்நலம் இடந்தந்தால் இம்ஃபொலோசி வனநடைக்கு முன்கூட்டியே பதிவுசெய்வது நல்லது. மாதிரிக் கிராமத்துக்கு முன்னால் ஒண்டினிக்குச் செல்க. 1879-இல் மூட்டிய தீ அங்கிருந்த குடில்களை அழித்தபோது அவற்றின் மண்தரைகளைச் சுட்ட செங்கல்லாக இறுக்கிவிட்டது. அகழ்ந்தெடுத்த அத்தரைகளின் மேல் அரசகுடிலிருப்பின் ஒரு பகுதி மீண்டும் எழுப்பப்பட்டிருக்கிறது, அருகிலேயே ஜூலுப் பண்பாட்டு அருங்காட்சியகமும் உள்ளது.