சுத்தியலும் பதவியேற்பும்: தமிழ் மீம்களில் கூட்டு நினைவு

2019 மே மாதக் கடைசியில், பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட கட்டடப் பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பதில் எழுதினார்: இதன் பெயர் சுத்தியல், தட்டினால் ‘டங் டங்’ என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது இதனால்தான். அவர் இப்போது நலமா என்று இன்னொருவர் விசாரித்தார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொன்ன ஹேஷ்டேக் மே 29 இரவில் கிளம்பி, மறுநாள் உலக அளவில் டிரெண்டானது. அந்த மே 30 மாலைதான் நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமர் பதவியேற்றார்.

இந்த நிகழ்வை இரண்டு விதமாக வாசித்தார்கள். வேலையற்ற கேலி என்றது ஒரு தரப்பு. பதவியேற்பைத் தமிழகம் திட்டமிட்டுப் புறக்கணித்தது என்றது இன்னொரு தரப்பு. இரண்டாவது வாசிப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நாடு முழுதும் 303 இடங்களை வென்ற பா.ஜ.க.வுக்குத் தமிழகத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2018 ஏப்ரல் 12 அன்று, காவிரிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது பிரதமர் சென்னை வந்த நாளில், ‘கோ பேக் மோடி’ டிரெண்டாகியிருந்தது. ஆனாலும் நேசமணியை அதன் தொடர்ச்சியாக மட்டும் பார்த்தால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகும். ‘கோ பேக் மோடி’யில் சேர ஒரு கருத்து தேவைப்பட்டது. நேசமணியில் சேர ஒரு நினைவு போதும்.

அந்த நினைவு 2001 பொங்கலுக்கு வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்துடையது. சித்திக் இயக்கியது, வடிவேலு நேசமணியாகவும் ரமேஷ் கண்ணா அவர் தலையில் சுத்தியலைப் போடுபவராகவும் நடித்தார்கள். படம் வந்த சில ஆண்டுகளிலேயே அதன் ஆணி பிடுங்கும் காட்சி தமிழ் வலைப்பதிவர்களின் பேச்சில் நுழைந்துவிட்டது. அலுவலக வேலைக்கே ‘ஆணி’ என்று பெயர். இன்றைக்கு ஆணி அதிகம் என்றால் பதிவு எழுத நேரமில்லை என்று பொருள். மீம் என்ற சொல் பரவலாகும் முன்பே காட்சி சொல்லாகிவிட்டிருந்தது. பிறகு ஸ்மார்ட்போன் வந்தது, சொல்லாக இருந்தது டெம்ப்ளேட் ஆனது. 2011 தேர்தலில் பிரசாரம் செய்த பின் வடிவேலுவின் படங்கள் வெகுவாகக் குறைந்தன. மீம்களில் அவர் முகம் பெருகியது. அந்த முகம் பழைய கதையை விட்டு வெளியேறி, பெட்ரோல் விலைக்கும் தேர்வு முடிவுக்கும் கூட்டணிப் பேச்சுக்கும் பதில் சொல்லத் தொடங்கியது.

நேசமணி டிரெண்டில் அதிகம் புழங்கிய வடிவங்களில் ஒன்று போலி மருத்துவ அறிக்கை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நேசமணி, உடல்நிலையில் முன்னேற்றம், தொண்டர்கள் அமைதி காக்க வேண்டுகோள் என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. இவற்றைத் தமிழ் வாசகர் வெறும் விளையாட்டாக வாசித்திருக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, 75 நாட்கள், மருத்துவமனையில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதாவைப் பற்றிய ஒவ்வொரு அறிக்கையையும் எதிர்பார்த்து ஒரு மாநிலமே காத்திருந்தது. காத்திருந்தவர்களுக்கு முழு விவரமும் சொல்லப்படவில்லை என்ற மனக்குறை 2019-லும் ஆறவில்லை. அவர் மரணம் குறித்த விசாரணை ஆணையம் அப்போதும் முடிவடையாமல் இருந்தது. நேரடியாகப் பேசக் கூசிய துயரம், இல்லாத ஒரு கான்ட்ராக்டரின் தலைக்காயத்தின் வழியே பேசியது.

சமூக ஊடக எதிர்வினைகளின் அரசியலை நிலைப்பாடுகளில் மட்டும் தேடுவது போதாது. யார் யாரிடம் விளக்கம் கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய அளவில் நடக்கும் பேச்சில் கலந்துகொள்ள, இந்திப் படத்தின் வசனத்தையோ கிரிக்கெட் வர்ணனையையோ தெரிந்துகொண்டு வருவது தமிழருக்குப் பழகிய வேலை. மே 30 அன்று அது தலைகீழானது. தில்லியிலும் மும்பையிலும் இருந்தவர்கள் யார் இந்த நேசமணி என்று கேட்டார்கள், ஆங்கில ஊடகங்கள் விளக்கக் கட்டுரைகள் வெளியிட்டன.

இதைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அதே டெம்ப்ளேட்டுகள்தான் பெண்களின் உடலையும் கறுத்த நிறத்தையும் கேலி செய்கின்றன; அடி வாங்குபவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் அந்த நகைச்சுவையிலேயே ஊறியிருக்கிறது. சட்டமும் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. 2012-இல் புதுச்சேரியில் ஒருவர் ஒரு ட்வீட்டுக்காகவே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. ஆனால் 2017 நவம்பரில், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றிக் கேலிச்சித்திரம் வரைந்த பாலா கைது செய்யப்பட்டார். பெயர் சொல்லி வரைந்தவருக்குக் கைது வந்தது. பெயரில்லாத ஆயிரம் பேர் வடிவேலுவின் முகத்துக்குப் பின்னால் நின்றபோது யாரைக் கைது செய்வது என்ற கேள்வியே எழவில்லை.

கூட்டு நினைவு மொழியின் எல்லையோடு நின்றுவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ முதலில் 1999-இல் மலையாளத்தில் வந்தது, இயக்குநர் அதே சித்திக். அதில் அந்தப் பெயின்டிங் கான்ட்ராக்டர் ஜகதி ஸ்ரீகுமார். 2019 மே 30 அன்று நேசமணியைத் தெரியாத மலையாளிக்கும் அந்தச் சுத்தியலைத் தெரிந்திருந்தது.