எலி வளையும் தனி வளையும்
சிங்கப்பூரின் வீட்டுக் கொள்கையும் மக்கள் கருத்தும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. தலைக்கு மேல் கூரை இருந்தால் மட்டும் போதாது. அக்கூரை தனக்குரியதாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். கடல் கடந்து உழைக்கச் சென்ற தமிழன் இப்பழமொழியின் உண்மையைத் தன் வாழ்நாள் முழுவதும் உணர்ந்தவன். அவன் குடியிருந்த வீடு அவனுடையதன்று. அவன் பார்த்த வேலையின் நிழலே அது. வேலை போன அன்றே வீடும் போயிற்று.

சிங்கப்பூர் என்னும் சிறு தீவு, குடிகளில் பெரும்பாலோரைச் சொந்த வீட்டுக்காரர் ஆக்கிய நாடு என்று உலகெங்கும் பேசப்படுகிறது. இப்புகழ் உண்மையானதே. ஆயினும், வீட்டைக் கட்டியவர்கள் அதில் குடியேற வேண்டியவர்களைக் கலந்து பேசினார்களா என்னும் வினாவும் உடன் எழுகிறது. இவ்விரண்டின் வரலாற்றையும் சேர்த்து நோக்கினாலன்றி உண்மை விளங்காது.

நெரிசலின் காலம்

சிராங்கூன் சாலையையும் அதைச் சூழ்ந்த தெருக்களையும் இன்று ‘லிட்டில் இந்தியா’ என்கிறோம். அதன் ஒரு பகுதிக்கு மலாய் மொழியில் ‘கண்டாங் கெர்பாவ்’ என்று பெயர். எருமைத் தொழுவம் என்பது பொருள். எருமைச் சாலை என்று பொருள்படும் ‘பஃபலோ ரோடு’ இன்றும் அங்கே உண்டு. மாடு வளர்த்தோரும் பால் கறந்தோரும் செங்கல் சுட்டோரும் வண்டி ஓட்டியோரும் வாழ்ந்த இடம் அது. அவர்களையொட்டிக் கடைவீடுகள் எழுந்தன. கீழே கடை, மேலே அறைகள், அறைக்குள்ளே பலகைத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குடும்பம்.

இந்நெரிசலை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் பேராசிரியர் சிம்சன் என்னும் பிரிட்டிஷ் சுகாதார வல்லுநர். காற்றும் ஒளியும் புகாத அறைகளே காசநோய்க்கு விளைநிலம் என்று 1907ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் எடுத்துக் காட்டினார். முதுகோடு முதுகு ஒட்டி நின்ற கடைவீடுகளின் இடையே பின்சந்துகளைத் திறக்க வேண்டும் என்றார். இன்று லிட்டில் இந்தியாவின் கடைகளுக்குப் பின்னே நடப்பவர் காணும் குறுஞ்சந்துகள் அந்தக் கருத்தின் மிச்சமே. அறைக்குள் வாழ்ந்தவர்களை எண்ணினார்கள், அளந்தார்கள், நோய்க்கணக்கு எடுத்தார்கள். அவர்களுக்கு யாது வேண்டும் என்று கேட்டாரில்லை.

1918ஆம் ஆண்டில் வீட்டு நிலையை ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் பயனாக 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. தியோங் பாருவில் 1936 முதல் அது கட்டிய வீடுகள் அழகிலும் அமைப்பிலும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் தொகையோ மிகக் குறைவு. முப்பத்திரண்டு ஆண்டுகளில் டிரஸ்ட் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. 1947இல் ஒன்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த மக்கள் தொகையோ, 1957இல் பதினான்கு இலட்சத்தையும் தாண்டிவிட்டது. நத்தை நடையில் வீடு வளர, நாலுகால் பாய்ச்சலில் மக்கள் பெருகினர்.

1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்திய அளவிலேயே நிறுத்தி வைத்தது. ஏழைக் குடியிருப்பாளருக்கு அது அரணாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வரும்படி இல்லாத வீட்டைப் பழுது பார்க்க உரிமையாளர் எவர் முன்வருவார்? வாடகை ஏறவில்லை, கூரை இறங்கிற்று. இச்சட்டம் 2001ஆம் ஆண்டில்தான் முற்றாக நீக்கப்பட்டது.

வேலையோடு கட்டுண்ட வீடு

தமிழ்த் தொழிலாளரின் நிலை இதிலும் தனியானது. நகராண்மைக் கழகம், துறைமுகம், இரயில்வே, செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் ஆகியவற்றில் உழைத்தோர் பலர் முதலாளி கொடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தனர். மலாயாத் தோட்டத்து லயத்துக்கும் இதற்கும் பெயரளவில்தான் வேறுபாடு. கோயிலும் பள்ளியும் பக்கத்திலேயே அமைந்தன. உறவும் ஊராரும் ஒன்றாக வாழ்ந்தனர். வாடகைக் கவலையும் பெரிதாக இல்லை. ஆனால் அடிப்படை மட்டும் மணல். 1968ஆம் ஆண்டு தொடக்கத்தில், தன் படைகளை 1971க்குள் விலக்கிக் கொள்வதாகப் பிரிட்டன் அறிவித்தபோது, தளத்தில் வேலை பார்த்தோர் ஒரே அடியில் இரண்டை இழக்கும் நிலைக்கு ஆளாயினர்: ஒன்று கூலி, மற்றொன்று கூரை. சொந்த வீடு என்பது வெறும் பெருமையன்று, பாதுகாப்பு என்பதை அவர்களைவிட நன்குணர்ந்தோர் இலர்.

கேளாமற் கட்டிய காலம்

1959இல் தன்னாட்சி வந்தது. 1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான் வணிகத் துறையிலிருந்து வந்தவர். ஊதியம் பெறாமல் அப்பொறுப்பை ஏற்றார். கட்டட நுணுக்கங்களை விட எண்ணிக்கையே முதற்கண் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60 என்று வாடகை வகுக்கப்பட்டது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் கழகம் கட்டி முடித்தவை 54,000க்கு மேற்பட்ட வீடுகள். டிரஸ்ட் முப்பத்திரண்டு ஆண்டுகளில் செய்ததைப் போல இரு மடங்குக்கும் அதிகமானதை ஐந்தே ஆண்டுகளில் செய்து காட்டினர்.

1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் எழுந்த தீ, ஏறத்தாழ 16,000 மக்களை வீடற்றோராக்கியது. தீயில் வெந்த நிலத்தை அரசு எடுத்துக் கொண்டது. ஓராண்டுக்குள் அங்கே புதிய அடுக்கு வீடுகளில் குடும்பங்கள் ஏறின. 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய்க் குடிசைகள் எரிந்ததும், அதன் பின்னரே அந்நகர அரசு வீடு கட்ட முனைந்ததும் இங்கே ஒப்பு நோக்கத் தக்கவை. அரசாங்கங்களைத் தீ எழுப்பிய அளவு மனு எழுப்பவில்லை போலும்!

நிலமின்றி வீடில்லை. 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தற் சட்டம் இக்கதையின் அச்சாணி. பொதுத் தேவைக்கு இந்நிலம் வேண்டும் என்று அரசு அறிவித்துவிட்டால், அத்தேவை உண்டா இல்லையா என்று உரிமையாளர் வாதாட இடமில்லை. தரப்படும் ஈட்டுத் தொகை போதாது என்று மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். அத்தொகையும் நெடுங்காலம் சந்தை விலையை விடக் குறைந்தே இருந்தது. முழுச் சந்தை விலை என்னும் முறை 2007இல்தான் வந்தது. கம்பத்தில் தென்னையும் கோழியும் வளர்த்தவன் பத்தாவது மாடிக்கு ஏறினான். குழாயில் நீர் வந்தது; மின்விளக்கு எரிந்தது; கழிப்பறை தனியே அமைந்தது. மறுபுறம், அண்டை வீட்டார் சிதறினர். கம்பத்துக் கோயில்கள் பல இடம் பெயர்ந்தன.

1964இல் சொந்த வீட்டுத் திட்டம் தொடங்கியது. 1968இல் மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுக் கடனைக் கட்டலாம் என்று விதி வந்ததும் அத்திட்டம் சிறகு பெற்றது. கையில் இருக்கும் கூலியைத் தொடாமலேயே தொழிலாளி வீட்டுக்காரனானான். இன்று சிங்கப்பூரில் குடியுரிமையும் நிரந்தரவாசமும் உடையோரில் பத்தில் எட்டுப் பேர் அளவில் கழக வீடுகளில் வாழ்கின்றனர். அக்குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை, 99 ஆண்டுக் குத்தகை முறையில், சொந்த வீட்டில் இருப்பவை. கேளாமற் கட்டினார்கள், ஆனால் கட்டினார்கள். இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரே ஆண்டில் இரு முடிவுகள்

1989ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தமிழர் மறக்கவொண்ணாத ஆண்டு. தேசிய வளர்ச்சி அமைச்சராக அப்போது இருந்தவர் தமிழரான சு. தனபாலன். அவ்வாண்டு மார்ச்சில், ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தாரும் இத்தனை விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்னும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கை, பழைய இந்தியத் தெருவைக் காத்தது. மறு கை, புதிய இந்தியச் சேரிகள் உருவாகாமல் தடுத்தது. முரண்பாடு போலத் தோன்றினும் இரண்டுக்கும் காரணம் உண்டு. 1964இன் இனக் கலவரங்களை நேரில் கண்ட நாடு, இனத்துக்கொரு பேட்டை என்பதை அஞ்சியதில் வியப்பில்லை.

எனினும் விதியின் பாரம் அனைவர் மீதும் ஒன்று போல் இறங்கவில்லை. ஒரு கட்டடத்தில் சீனர் அளவு நிறைந்துவிட்டால், அங்குள்ள இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோரில் பெரும்பான்மையர் சீனரே ஆதலால், விற்போர் காத்திருக்கவும் விலையைக் குறைக்கவும் நேர்ந்தது. இக்குறை பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. 2022 மார்ச்சில், நெடுநாள் முயன்றும் விற்க முடியாதோரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! கொள்கை பிழையென்று இதனால் முடிவாகாது. விதி வகுக்கும் நாளிலேயே அதனால் தாக்கப்படுவோரைக் கேட்டிருந்தால், பரிகாரமும் உடன் பிறந்திருக்கும் என்பதே இங்கே கொள்ளத்தக்க பாடம்.

கேட்கத் தொடங்கிய காலம்

மக்களைக் கேட்டுத் திட்டமிடுதல் சிங்கப்பூருக்கு மட்டும் பிந்தி வந்ததன்று. பிரிட்டனிலேயே 1969இன் ஸ்கெஃபிங்டன் அறிக்கை வந்த பின்னரே அது முறையாகப் பேசப்பட்டது. சிங்கப்பூரில் 1985இல் கருத்தறியும் பிரிவு தொடங்கிற்று. 2006இல் அது ‘ரீச்’ என்னும் பெயர் பெற்றது. ஆனால் கேட்டதிலெல்லாம் வலியது வாக்குச் சீட்டே. 2011 மே பொதுத் தேர்தலில் வீட்டு விலையும் காத்திருப்புக் காலமும் பெரும் பேச்சாயின. தேசிய வளர்ச்சி அமைச்சர் மாறினார். அவ்வாண்டிலேயே புதிய வீடுகள் 25,000 அளவில் விற்பனைக்கு விடப்பட்டன. 2012இல் தொடங்கிய ‘நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்’ மக்களை மேசையைச் சுற்றி அமர்த்திப் பேசச் செய்தது. 2013 முதல் 35 வயது நிறைந்த, மணமாகாத சிங்கப்பூரரும் கழகத்தின் புதிய ஈரறை வீட்டை வாங்கலாம் என்றாயிற்று.

லிட்டில் இந்தியாவின் அருகே நடந்த இரு நிகழ்ச்சிகளை இணைத்துப் பார்த்தால் மாறுதல் விளங்கும். வண்ணம் தீட்டிய நான்கு கட்டடங்களோடு 1977 முதல் நின்றது ரோச்சோர் சென்டர். வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக அது இடிக்கப்படும் என்று 2011 நவம்பரில் அறிவித்தார்கள். 567 குடும்பங்களுக்கு மாற்று வீடும் ஈடும் கிடைத்தன. 2018இல் கட்டடங்கள் தரைமட்டமாயின. அங்கே முடிவு முதலில் வந்தது, பேச்சு பின்னர் வந்தது. பத்தாண்டு கழித்து, நகர நடுவில் கட்டும் வீடுகள் பணக்காரர் கைக்கே போய்விடாமல் காப்பது எப்படி என்று அரசு ஆராய்ந்தபோது, பல ஆயிரம் பேரின் கருத்தை முன்னதாகவே கேட்டது. அதன்படி 2021 நவம்பரில் முதல் வீடுகள் ரோச்சோரிலேயே விற்பனைக்கு வந்தன. வாங்கியோர் பத்தாண்டு அங்கேயே குடியிருத்தல் வேண்டும்; முதன்முறை விற்கும்போது விலையில் 6 விழுக்காட்டைக் கழகத்துக்குத் திருப்பித் தருதல் வேண்டும். கடுமையான விதிதான், ஆனால் கேட்டபின் வந்த விதி.

இன்னும் கேட்கப்படாதோர்

இவ்வளவும் குடிகளைப் பற்றியது. ஞாயிறு மாலையில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கூடுகின்ற தமிழ்நாட்டு, வங்காளதேசத்துத் தொழிலாளர் பலர் இந்த அடுக்கு வீடுகளைக் கட்டுவோர். அவர்கள் உறைவதோ தங்கும் விடுதிகளில். 2020இல் கொரோனா நோய் அவ்விடுதிகளில் காட்டுத் தீயாய்ப் பரவியபோதுதான் அவற்றின் நெரிசலைப் பலரும் உணர்ந்தனர். நாட்டில் அவ்வாண்டு நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் அவர்களே. பின்னர், புதிய விடுதிகளில் அறைக்குப் பன்னிருவருக்கு மேல் கூடாது என்று 2021இல் விதி வகுத்தார்கள். நற்செயலே. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: 1907இல் காசநோய், 1961இல் தீ, 2020இல் கொரோனா. துன்பம் முந்துகிறது, கேள்வி பிந்துகிறது.

வேலை போனால் தங்குமிடமும் போகும் என்னும் பழைய லயத்து விதி, அந்த விடுதிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. பலகைத் தடுப்புக்குள் வாழ்ந்தவனின் பேரன் இன்று சொந்த வீட்டில் அமர்ந்து, அடுத்த திட்டம் பற்றித் தன் கருத்தைச் சொல்கிறான். ஒரு நூற்றாண்டில் இது பெரிய முன்னேற்றமே. அவன் வீட்டுச் சுவரை எழுப்பியவனிடமும் ஒரு நாள் அதே வினா கேட்கப்படுமாயின், எலி வளையேனும் தனி வளை வேண்டும் என்ற முதுமொழி எல்லார்க்கும் பொதுவான மொழியாகும்.