பத்து, பற்று, பட்டு: ஹெட்போனை எந்தக் காதால் அளக்கிறது?

ஸ்ரூடியோ ஹெட்போன் வாங்க நினைக்கிற எங்கட பெடியள் முதலில் பார்க்கிறது யூரியூப் விமர்சனங்களைத்தான். பேசுகிறவர் ஒரு ஆங்கிலப் பாட்டை ஓடவிட்டு, தலையை ஆட்டி, 'பேஸ் நல்லா இருக்கு' எண்டு முடித்துவிடுவார். பாட்டுக் கேட்க மட்டும் வாங்குகிறவருக்கு அது போதும். நெடுந்தீவில் ஒரு ஆச்சியின் கதையைப் பதிவுசெய்து, பிறகு இரவில் இருந்து திருத்துகிறவருக்கு அது போதாது. அவருக்கு வேறு அளவுகோல் வேணும். அந்த அளவுகோல்தான் ஹெட்போன் வரலாற்றிலேயே பழையது.

1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுக் குசினியில் வைத்து ஹெட்போன் செய்தார். வாங்கியது அமெரிக்கக் கடற்படை. மோர்ஸ் தந்தியின் மெல்லிய கீச்சொலியை இரைச்சலுக்குள் பிடிக்கிறதுதான் அவர்களின் தேவை. இனிமையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, 'விளங்குதா?' எண்ட ஒரே கேள்விதான்.

இலங்கைக்கும் வானொலி அப்படித்தான் வந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் 1920களின் முற்பகுதியில் கொழும்பில் கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பரில் முறையான சேவை தொடங்கியது. அந்தக் காலத்துக் கிறிஸ்டல் பெட்டிகளுக்கு ஒலிபெருக்கியை இயக்கும் வலு இல்லை. கேட்க வேண்டுமெண்டால் ஹெட்போனைத்தான் மாட்ட வேணும். ஆக, இந்த நாட்டில் வானொலி தொடங்கியது தனித்தனி ஆட்களின் காதுகளில். ஊரே கூடிக் கேட்டது பிறகுதான்.

அந்தப் பிறகு எங்கட காதை வேறு மாதிரிப் பழக்கிவிட்டது. மத்திய அலை வானொலிப் பெட்டி சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே அதிகம் விடாது. கோயில் திருவிழாவில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கருக்கு அடித்தொனியே இல்லை. கே. எஸ். ராஜாவின் குரலும் பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் எங்கட அப்பா அம்மாவுக்கு இனித்தது இந்த ஒடுங்கிய பாதைக்குள்ளால் வந்துதான். அந்தத் தலைமுறை ஆளிடம் ஒரு நல்ல ஹெட்போனைக் கொடுத்தால் 'என்ன இது, காதுக்குள்ள கீறுது' எண்டு கழட்டிவிடுவார். அவரின் காதில் பழுதில்லை. அவர் ஒப்பிடுகிற மூலம் வேறு.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நிண்டது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாகியது. 1990, 91 படை நடவடிக்கைகளோடு தீவுப்பகுதிச் சனத்தில் பெரும்பகுதி இடம்பெயர்ந்து குடாநாட்டுக்குள் வந்து சேர்ந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். பிபிசி தமிழோசையை இரைச்சலுக்கு நடுவே சொல் சொல்லாகப் பொறுக்கி எடுத்த காதுகள் அவை. வானத்தில் வருகிறது ஹெலியா பொம்மரா எண்டு சத்தத்தில் பிரித்து அறிந்த காதுகளும் அவைதான். ஒலியைச் சரியாக மதிப்பிடுகிறது எண்டால் என்ன எண்டு அந்தத் தலைமுறைக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனித் தலைப்புக்கு வருவம். பத்து, பற்று, பட்டு. முதலாவதில் நாக்கு பல்லைத் தொடுகிறது. இரண்டாவதில் பல்லுக்கு மேலே உள்ள முரசை. மூன்றாவதில் வளைந்து அண்ணத்தை. தமிழ்நாட்டுப் பேச்சில் நடு ஒலி பெரும்பாலும் கரைந்துபோய் 'நேத்து' ஆகிவிட்டது. எங்கட பேச்சில் அது உயிரோடு இருக்கு. அதனால்தான் நாங்கள் பற்றரி, கசெற் எண்டு எழுதுகிறம். அவர்கள் பேட்டரி, கேசட் எண்டு எழுதுகிறார்கள். இந்த மூன்றையும் பிரிக்கிற அடையாளம் பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில், ஒரு நொடியின் நூறில் சில பங்கு நேரத்துக்குள், வந்து போய்விடுகிறது.

ஹெட்போன்கள் அதிகம் தடுமாறுகிற இடங்களில் இதுவும் ஒண்டு. மனிதக் காதுக்குழாய் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு நீளம். 3,000 ஹேர்ட்ஸை ஒட்டிய ஒலியை அது தானாகவே தூக்கிக் கொடுக்கும். ஹெட்போன் காதை மூடும்போது அந்த இயற்கைக் கணக்கு குழம்புகிறது. எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேணும் எண்டதில்தான் கம்பனிக்குக் கம்பனி வித்தியாசம். 1937இல் பையர்டைனமிக் டிரி 48, 1968இல் சென்ஹைசரின் திறந்த அமைப்புள்ள எச்டி 414, 1991இல் சோனி எம்டிஆர் 7506 எண்டு வந்த ஒவ்வொண்டும் இதே கேள்விக்குத் தன் பாட்டில் ஒரு பதில் சொன்னது.

2012 முதல் ஷான் ஒலிவ் தலைமையில் ஹாமன் நிறுவனத்தில் நடந்த சோதனைகள் இந்தச் சண்டையைக் கொஞ்சம் அடக்கின. எந்த ஹெட்போன் எண்டு தெரியாமல் கேட்கவைத்துப் பார்த்தபோது, நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதற்குக் கிட்டவான சமநிலையையே பெரும்பாலானோர் விரும்பினார்கள். 2017இல் யெரூன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அளவுகளை ஒப்பிட்டு, விலைக்கும் அலைவரிசைச் சமநிலைக்கும் தொடர்பில்லை எண்டு காட்டினார். கடன்பட்டு விலைகூடினது வாங்க நிற்கிற தம்பிமார் இந்த வரியை இன்னொருக்கா வாசியுங்கோ.

ஆனால் ஹாமன் அளந்தது விருப்பத்தை. எங்கட வேலை வேறு. வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கிற கசெற்றுகளை நினைத்துப் பாருங்கோ: ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரல்கள், ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமங்களின் கூத்து, செத்தவீட்டு ஒப்பாரி. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் போன்ற சில முயற்சிகள் ஒலியையும் ஆவணமாகச் சேர்க்கின்றன. மிச்சம் எல்லாம் எங்கட கையில்தான். கசெற்றின் 'ஸ்...' இரைச்சலைக் கணினியில் அழிக்கும்போது அதோடு சேர்ந்து போகிறது அந்த நடு ஒலியின் சின்ன வெடிப்பு. 3,000 ஹேர்ட்ஸில் பள்ளம் விழுந்த ஹெட்போனை மாட்டியிருந்தால் போனது தெரியவே தெரியாது. ஆச்சி சொன்ன 'நேற்று' பேரப்பிள்ளைக்கு 'நேத்து' எண்டு போய்ச் சேரும்.

அதனால் கடையில் நிற்கும்போது உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு குரலின் பதிவைக் கொண்டுபோங்கோ. அம்மம்மாவின் குரல் எண்டால் இன்னும் நல்லது. அது எப்படி இருக்க வேணும் எண்டு விற்கிறவரை விட உங்களுக்குத் தெரியும். தவில் பதிவு ஒண்டும் வேணும். நயினாதீவு அம்மன் திருவிழாவில் மேளத்துக்குக் கிட்ட நிண்டு கேட்டவருக்கு வலக்கைக் கூட்டின் 'ணங்' எப்படி வெட்டும், இடப்பக்கத் தடி எப்படி அதிரும் எண்டு தெரியும். மலிவான ஹெட்போனில் இரண்டும் ஒரே சேறு. இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கோ. சத்தம் கூடக் கூட அடித்தொனியும் உச்சத்தொனியும் மேலே எழும்பும் எண்டு பிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்துவிட்டார்கள், அதுவும் ஹெட்போன் மாட்டித்தான். கொஞ்சம் உரத்துப் பாடுகிறது எப்பவும் வெல்லும். விற்கிறவருக்கு அது நல்லாத் தெரியும்.

பதிவு செய்யும் இடத்தில் காதை மூடுகிற வகைதான் சரி. நெடுந்தீவுக் காற்றிலும் குறிகட்டுவான் இறங்குதுறை இயந்திரச் சத்தத்திலும் திறந்த வகை ஒண்டுக்கும் உதவாது. திருத்துகிறதைத் திறந்த வகையில், இரவில், மின்விசிறியை நிற்பாட்டிவிட்டுச் செய்யுங்கோ. இரைச்சல் நீக்கியை முதலில் பாதியளவில் வையுங்கோ. நீக்கப்பட்ட பகுதியை மட்டும் தனியாகக் கேட்கிற வசதி பல மென்பொருள்களில் இருக்கு. அதைப் போட்டுக் கேளுங்கோ. அதற்குள் ஆச்சியின் குரல் கேட்டால், உடனே குறையுங்கோ.