புரூணை: மிஞ்சிய இரண்டு துண்டு

கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். புரூணையின் தலைநகர் பந்தர் செரி பெகவானில் நான் இருந்தது இரண்டே நாள். இரண்டு நாளும் மழை. கம்போங் ஆயர் என்ற நீர்க்கிராமத்தில் வீடு, பள்ளிக்கூடம், பள்ளிவாசல் எல்லாமே ஆற்றுக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. படகில் கூட வந்த கமுதிக்காரர் கட்டட வேலை பார்ப்பவர். “மண்ணுக்குள்ள எண்ணெய் இருந்துச்சு, பொழச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல தோண்டுனா உப்புத்தண்ணிதான வருது” என்றார்.

அவர் சொன்னது பாதிதான் சரி.

மகெல்லன் இறந்தபின் அவருடைய கப்பல்கள் 1521இல் இங்கே வந்தன. தண்ணீர்மேல் 25,000 குடும்பங்கள் வாழும் நகரம் என்று உடன்வந்த பிகாஃபெட்டா எழுதினார். போர்னியோ என்ற பெயரே புரூணையின் திரிபுதான். அவ்வளவு பெரிய அரசு 19ஆம் நூற்றாண்டில் துண்டு துண்டாகக் கரைந்தது. 1841இல் ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர் சரவாக்கின் ராஜா ஆனார். அவரும் அவர் வாரிசும் சுல்தானின் நிலத்தை ஒவ்வொரு ஆறாக வாங்கிக்கொண்டே வந்தார்கள். 1888இல் பிரிட்டன் ‘பாதுகாப்பு’ கொடுத்தது. ஆனால் 1890இல் புரூக் குடும்பம் லிம்பாங்கை எடுத்துக்கொண்டபோது அது தடுக்கவில்லை. நாடு இரண்டு துண்டானது. அந்தத் துண்டுகளைச் சேர்க்க 2020இல்தான் சுமார் 30 கிலோமீட்டர் பாலம் வந்தது.

மிச்சத்தையும் புரூக் விழுங்கியிருப்பார். 1904இல் ஆய்வுக்கு வந்த மெக்ஆர்தர் என்ற அதிகாரி, சுல்தானை வைத்துக்கொண்டே நாட்டை நடத்தலாம் என்று அறிக்கை கொடுத்தார். 1906இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்து உட்கார்ந்தார். அரண்மனை தப்பியது. செரியாவில் எண்ணெய் கிடைத்தது 1929இல், அதாவது 23 வருஷம் கழித்து.

பக்கத்திலேயே மிரி இருக்கிறது. அங்கே 1910இலேயே எண்ணெய் வந்துவிட்டது. ஒருகாலத்தில் அதுவும் புரூணை மண்தான். 1880களில் சரவாக்குக்குப் போனது, இன்று மலேசியாவில் இருக்கிறது. எண்ணெய் இரண்டு ஊரிலும் கிடைத்தது. தனி நாடாக மிஞ்சியது ஒன்றுதான்.

நம்ம திருச்சுழியும் ஒரு மன்னர் சீமையில் இருந்ததுதான். 1795இல் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைச் சிறையில் போட்டது. 1803இல் ராமநாதபுரம் ஜமீன் ஆனது. அரசுரிமை, வரி வசூலிக்கும் உரிமையாகச் சுருங்கியது. அங்கே எழுதப்பட்ட மாதிரி ஓர் அறிக்கை இங்கே எழுதப்படவில்லை.

தப்பியதற்கு விலையும் உண்டு. 1962இல், தேர்தலில் ஜெயித்த கட்சி கிளர்ச்சி செய்தது. பிரிட்டிஷ் படை வந்து அடக்கியது. அடுத்த ஆண்டு மலேசியாவில் சேர சுல்தான் மறுத்தார். எண்ணெய் வருமானம் யாருக்கு என்பதும் அதில் ஒரு காரணம். 1984 ஜனவரி 1இல் முழு விடுதலை கிடைத்தது. குடிமக்களுக்கு வருமான வரி கிடையாது, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசே செலவழிக்கிறது. ஹசனல் போல்கியா 1967 முதல் சுல்தான். 1962இல் அறிவித்த அவசரநிலையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே ஆட்சி நடக்கிறது; 1965க்குப் பிறகு அங்கே பொதுத்தேர்தல் நடக்கவில்லை.