சிதறிய நினைவும் சேர்க்கும் பயிற்சியும்



எங்கள் ஊர் நெற்குப்பை. குப்பை என்பதற்குக் குவியல் என்பது பழைய பொருள். தானியத்தில் கலந்ததைப் பிரித்தெடுப்பது எங்கள் முற்றங்களில் பழகிய வேலை. அவ்வெளிய வேலை அடிபட்ட மூளைக்கும் பயிற்சியாகும் என்றால் வியப்பன்றோ? அவ்வரலாற்றைக் கூறுகிறேன்.

தலைக்காயம் ஆறிய பின்னும் மறதியும் கவனக் குறைவும் நெடுநாள் நீடிப்பதுண்டு. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில், பிராங்க்பர்ட் நகரில், கர்ட் கோல்ட்ஸ்டைன் என்னும் மருத்துவர் அத்தகைய போர்வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரில் ருஷ்யாவில் அப்பணியை வளர்த்தவர் அலெக்சாண்டர் லூரியா (1902–1977).

லூரியாவிடம் வந்த ஸஸெட்ஸ்கி என்னும் இளைஞரின் மூளையை 1943-இல் ஸ்மோலென்ஸ்க் போர்க்களத்தில் குண்டு துளைத்திருந்தது. எழுத்துகள் மறந்துபோயின. ஒவ்வோர் எழுத்தாக நினைந்து எழுத முயன்றார், இயலவில்லை. எண்ணிப் பாராமல், கையை எடுக்காமல், சொல்லை ஒரே வீச்சில் எழுதுமாறு மருத்துவர் ஒருவர் கூறினார். கை எழுதிற்று! மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளி முன்னோர்க்கு இதன் உண்மை எளிதில் விளங்கியிருக்கும். எழுதியதைப் படிக்கவே இடர்ப்பட்ட அவர், சுமார் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் எழுதினார். ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியே செல்லலாம் என்பது லூரியா காட்டிய நெறி.

நம் நாட்டில் 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னையில் பா. இராமமூர்த்தியும் மூளை, நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். உயிர் பிழைத்தோர் பெருகவே, அவர்தம் அறிவைப் பயிற்றும் தேவையும் பெருகிற்று. 1974-இல் பெங்களூரில் அமைந்த 'நிம்ஹான்ஸ்' நிறுவனத்தின் பயிற்சிகளுள் ஒன்று தானியம் பிரித்தல். கலந்து வைத்த தானியங்களை நோயாளி வகை வகையாகப் பிரிப்பார். அதற்கான நேரத்தையும் நேர்ந்த பிழையையும் குறித்துக்கொள்வர். வேலையைப் படிப்படியாகக் கடினமாக்குவர். இழந்தவை முழுவதும் மீளும் என்ற உறுதி இல்லை. எனினும், விடாப் பயிற்சியால் கவனம் தேறுகிறது.

முன்பு, மரத்திலிருந்து விழுந்து பிழைத்த மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று நான் கடிந்துகொண்டேன். அவன் பாடத்தை மறந்தது சோம்பலால் அன்று, காயத்தால் என்பதைக் காலம் கடந்தே உணர்ந்தேன். அப்பிழையை நீங்கள் செய்யாதீர்கள். அத்தகைய தோழன் உங்கள் வகுப்பில் இருப்பின், எள்ளாமல் அருகே அமருங்கள். சொன்னதையே பத்து முறை சொல்லுங்கள். அவனுக்கு வேண்டிய மருந்தில் ஒரு பகுதி உங்கள் பொறுமையே.